கண் டாக்டரின் கீரைத் தோட்டம்

மே மாதக் கடைசி வாரம். கப்பலூர் பஸ் ஸ்டாப்.

மதுரை ரிங் ரோடு வந்து திருமங்கலம் சாலையோடு சேருமே, அந்த இடம். தியாகராசர் மில், சிட்கோ தொழிற்பேட்டை, டோல்கேட். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும், தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஊர் பிடிபட்டுவிடும். ஒரு வேலையாகப் போனவன், திரும்பி வர பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. கழுத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாள அட்டை. ஒரு கையில் துணிக்கடைப் பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம்புது ஸ்கூல் பேக். கூடவே எட்டு வயசு மதிக்கத்தக்க ஒரு பையன்.

தூரத்தில் பஸ் தெரிந்தது.

'என்ன போட்டிருக்குன்னு பார்றா.'

பையன் கண்ணை இடுக்கினான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். 'தெரியலம்மா. கிட்ட வரட்டும்.'

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். 'படிக்கத் தெரியும்ணே இவனுக்கு. சொன்னா செய்ய மாட்டான். ஸ்கூல்லயும் டீச்சர் இதத்தான் சொல்றாக. போர்டைப் பாத்து எழுத மாட்டேங்கிறான், பக்கத்துப் பயலப் பாத்து எழுதுறான், சேட்டைன்னு.'

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் இதே 'சேட்டை'க்காகப் பெஞ்சு மேல் ஏறி நின்றவன் நான். ஒன்பதாம் வகுப்பில்தான் கண்ணாடி போட்டார்கள். போட்ட அன்றைக்கு சாயங்காலம் வெளியே வந்து பார்க்கிறேன், வேப்ப மரத்தில் தனித்தனியாக இலைகள்! அதுவரை மரம் என்றால் ஒரு பச்சைக் குவியல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்களும் இந்த வாரம் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தாயிற்றா? ஷூ போன வருஷ சைஸ் பற்றுமா? நோட்டுக்கு அட்டை, லேபிள், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஜியாமெட்ரி பாக்ஸ்... நான் பி.காம். படித்தவன், பட்டியல் என்றால் கூட்டிப் பார்க்காமல் விட மாட்டேன். உங்கள் பட்டியலில் குழந்தையின் மேல் மாட்டுகிற சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. குழந்தை எந்த வரியில் இருக்கிறது? கண், பல், காது, வயிறு?

குறை சொல்லவில்லை. என் வீட்டுப் பட்டியலும் அப்படித்தான். ஆனால் இந்த 'வயிறு' என்பதையும் 'கண்' என்பதையும் ஒரே வரியில் எழுத வேண்டும் என்று நம் மதுரையில் ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுகொண்டார். அவர் கண் டாக்டர். கண்ணுக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தவர், கடைசியில் அடுப்புப் பற்றவைத்துச் சமையல் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கதைக்குப் போகும் முன்னால் ஒரு சின்னச் சுற்று. முதலில் லண்டன்.

பள்ளிக்கூடத்தில் டாக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் வழக்கம் குழந்தைகள் மேல் இருந்த அன்பினால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் ஆரம்பித்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கக் கூப்பிட்டால், பிரிட்டனின் ஆலை நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் ஏகப்பட்ட பேர் தேறவில்லை. சொத்தைப் பல், குழி விழுந்த மார்பு, மங்கிய கண். சாம்ராஜ்யத்தைக் கட்டிக் காக்க ஆள் இல்லை என்றதும்தான் அரசாங்கத்துக்கு வியர்த்தது. கமிட்டி போட்டார்கள். 1906-ல் பள்ளியில் சாப்பாடு போடலாம் என்று ஒரு சட்டம். 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று இன்னொரு சட்டம். இருபது வயசில் சிப்பாய் வேண்டுமென்றால் ஐந்து வயசில் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்ற கணக்கு. நோக்கம் எப்படியோ, பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது.

இந்தியாவில் இந்தச் சோதனை முதன்முதலில் நடந்தது பரோடாவில், 1909-ல். பிரிட்டிஷ் இந்தியாவில் அல்ல, ஒரு சமஸ்தானத்தில்!

நம் சென்னை இன்னொரு முனையிலிருந்து ஆரம்பித்தது. 1920-ல் சென்னை மாநகராட்சிக்குத் தலைவர் பிட்டி. தியாகராயர். நீதிக்கட்சித் தலைவர், தியாகராய நகர் யார் பெயரில் இருக்கிறதோ, அவரேதான். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் ஏழைகள், பசியால் வருகை குறைகிறது, டிபன் கொடுக்கலாம் என்று தீர்மானம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. கொடுத்தார்கள். கூட்டம் வந்தது. இன்னும் சில பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். 1925-ல் நின்றுபோனது.

ஏன்? இதுதான் என் போன்ற கணக்குப்பிள்ளைகள் தலைகுனிய வேண்டிய இடம். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு எழுதக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்லிவிட்டது. பாடம் வேறு தலைப்பு, பசி வேறு தலைப்பு. லெட்ஜரில் பக்கம் மாறிப்போனதால் தட்டு காலி. இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பவும், 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்தார்கள்.

போகட்டும். கண்ணுக்கு வருவோம்.

மாலைக்கண் என்ற சொல்லை உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பொழுது சாய்ந்தால் போதும், குழந்தை சுவரைத் தடவும். விளையாடிவிட்டு வீட்டுக்கு வரும்போது தடுக்கி விழும். தட்டில் போட்ட சோற்றைத் தேடும். நம் பாட்டிகளிடம் இதற்கு மருந்து இருந்தது. ஆட்டு ஈரல். முருங்கைக் கீரை. பொன்னாங்கண்ணி. ஈரல் மாலைக்கண்ணுக்கு நல்லது என்பது பழைய எகிப்து, கிரேக்க வைத்தியர்களுக்கும் தெரிந்திருந்தது. ஏன் நல்லது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. 1913-ல் அமெரிக்காவில் வெண்ணெயையும் எலிகளையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர்கள்தான் அதைப் பிடித்தார்கள். பின்னாளில் அதற்கு வைட்டமின் ஏ என்று பெயர் வந்தது.

மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் வேலையைச் செய்வது விழித்திரையில் இருக்கும் ஒரு நிறமி. அது வைட்டமின் ஏ இல்லாமல் உருவாகாது. குறைந்தால் முதலில் மாலைக்கண். அப்புறம் கண்ணின் வெள்ளைப் பகுதி ஈரம் வற்றி, சோப்பு நுரை ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு திட்டு. 1863-ல் பிட்டோ என்ற பிரெஞ்சு டாக்டர் விவரித்தது, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதோடு நின்றால் தப்பித்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு மணல்வாரி அம்மையோ தொடர் வயிற்றுப்போக்கோ வந்தால், மிச்சம் மீதி இருப்பதும் காலி. கருவிழி காய்ந்து, மெத்தென்று ஆகி, உருகிப் போகும். இதற்கு மாதக் கணக்கில் ஆகாது. சில நாட்கள் போதும். அதற்கப்புறம் உலகத்திலுள்ள எந்த டாக்டராலும் பழைய கண்ணைக் கொடுக்க முடியாது.

இது ஏழை நாட்டு வியாதி என்று நினைப்பீர்கள். முதல் உலகப் போரின்போது டென்மார்க்கில் வந்தது. பாலும் வெண்ணெயும் ஆறாக ஓடும் டென்மார்க்கில்! வந்த காரணம் முழுக்க முழுக்க வணிகம். போர்க்காலத்தில் வெண்ணெய்க்கு வெளிநாட்டில் கொள்ளை விலை. கொழுப்பை எடுத்து ஏற்றுமதி செய்துவிட்டு, கொழுப்பு நீக்கிய பாலையும் மார்கரினையும் உள்ளூர் ஏழைப் பிள்ளைகளுக்கு விட்டார்கள். வைட்டமின் ஏ இருப்பது கொழுப்பில். கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவரிடம் கண் கெட்ட குழந்தைகள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலை அடைத்தன. ஏற்றுமதி படுத்தது. விற்க முடியாத வெண்ணெயை ரேஷனில் உள்ளூர்க்காரர்களுக்கே கொடுத்தார்கள். வியாதி அடங்கிவிட்டது. ஒரு நாட்டின் பேலன்ஸ் ஷீட் லாபம் காட்டிய வருஷங்களில் அதன் குழந்தைகளின் கண்ணில் நஷ்டம் எழுதப்பட்டிருந்தது. கல்லூரியில் சர்வதேச வணிகம் என்று ஒரு பேப்பர் எனக்கு உண்டு. இதை யாரும் சொல்லித்தரவில்லை.

நம் பக்கமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எழும்பூர் கண் மருத்துவமனையின் ரைட் என்ற வெள்ளைக்கார டாக்டர், தென்னிந்தியாவில் கருவிழி உருகிப்போவது பற்றி 1922-லேயே எழுதினார். குன்னூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் ஆரம்பித்தது. இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பூர்வீகம் அதுதான். அங்கே மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1930-களில் பள்ளிக்கூடங்களுக்கே போய்ப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தார். கண்ணில் அந்தத் திட்டு, வாயோரத்தில் புண், தவளைத் தோல் மாதிரி சொரசொரப்பான தோல். பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இவர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அல்ல.

இனி மதுரை.

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம். 1918-ல் அங்கே பிறந்தவர் வெங்கடசாமி. சின்ன வயசில் எழுதிப் பழக நோட்டும் பென்சிலும் கிடையாது, ஆற்று மணல்தான். வீட்டில் உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்தார். ராணுவ மருத்துவராகவும் போனார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. 1948-ல் ராணுவத்திலிருந்து விடைபெற்றார். கோணிய விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, கண் அறுவைச் சிகிச்சையில் இறங்கினார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது பெயர். இன்றைய ராஜாஜி மருத்துவமனை. பெரியாஸ்பத்திரி என்றால்தான் மதுரைக்காரர்களுக்குப் புரியும்.

1976-ல், 58 வயசில் ரிட்டையர் ஆனபிறகு 11 படுக்கைகளோடு அவர் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை உலகத்துக்கே தெரியும். எல்லோரும் 'டாக்டர் வி' என்று கூப்பிட்ட அந்த மனிதரைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பெரிய பெரிய மேனேஜ்மென்ட் பள்ளிகளில் பாடமாகவும் நடத்துகிறார்கள். எல்லாம் கண்புரை ஆபரேஷன் கணக்கு. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கணக்கு.

கண்புரை கிழவர்களுக்கு வருவது. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். கருவிழி உருகி வரும் இரண்டு வயசுக் குழந்தைக்கு என்ன செய்வது? இரண்டு கண்ணும் போவதற்குள் வந்து சேர்ந்தால், வைட்டமின் ஊசி போட்டு, காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். எந்த வீட்டுக்கு? எந்தச் சோறு அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதோ, அதே சோற்றுக்கு. அங்கே இன்னொரு குழந்தையும் இருக்கும். அடுத்து அது வரும்.

1970-களின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு காரியம் செய்தார்கள். வெங்கடசாமியும் கூட இருந்த மருத்துவர்களும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் என்று ஒன்றை நடத்தினார்கள். காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கம் உதவி. அந்தச் சங்கத்தை நிறுவிய ஜான் வில்சன், தானே பார்வை இழந்தவர். கண் கெட ஆரம்பித்த குழந்தையை மட்டும் சேர்ப்பதில்லை, தாயையும் சேர்த்துத் தங்க வைப்பது. மருந்துச் சீட்டை விட முக்கியமானது சமையல். அதுவும் ஆஸ்பத்திரிச் சமையல் அல்ல, அந்தத் தாய் ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் காசில், தன் அடுப்பில் செய்யக்கூடியது. பயறு, தானியம், கரும்பச்சைக் கீரை. அதைச் சமைக்கவும் வளர்க்கவும் பழக்குவது. குழந்தையின் கன்னத்தில் சதை வைப்பதைத் தாய் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அவளை நம்ப வைக்க வேறு பாடம் தேவையில்லை.

இந்தத் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தவர்தான் சுவாரசியமானவர். ஆன்டனெட் பிரீ. ஆக்ஸ்ஃபோர்டில் கண் ஆராய்ச்சி செய்த உயிர்வேதியியல் நிபுணர். 1950-களில் அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சு ஆபத்து பற்றிப் புத்தகம் தொகுத்தவர். ஓய்வு பெறும் வயதில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இந்த அம்மா தமிழ்நாட்டுக்கு வந்து, கரும்பச்சைக் கீரை வளருங்கள், சாப்பிடுங்கள் என்று நம் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முருங்கையின் தேசத்துக்கு வந்து ஆக்ஸ்ஃபோர்டு பெண்மணி கீரை சாப்பிடச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணி வெட்கப்படுவதா, நெகிழ்வதா? இரண்டும்தான். 1976-ல் அந்த மதுரை மையம் பற்றி வெங்கடசாமியும் பிரீயும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை, லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது.

ஏன் கீரை இருந்தும் குழந்தைகளுக்குப் போகவில்லை? எல்லாவற்றுக்கும் வறுமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கீரை குளிர்ச்சி, சின்னப் பிள்ளைக்கு ஆகாது, பேதியாகும் என்று பயம். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சித் தண்ணீர் மட்டும். எந்த நேரத்தில் கொடுக்க வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில் நிறுத்திவிடுவது.

இதற்கிடையில் அரசாங்கம் இன்னொரு வழியை எடுத்திருந்தது. சேலத்தில் பிறந்த சி.கோபாலன் தலைமையில் ஹைதராபாத் நிறுவனம் இருந்த காலம். வைட்டமின் ஏ ஒரு விசேஷமான சரக்கு. மற்ற சில வைட்டமின்கள் மாதிரி அன்றன்றைக்கு வெளியே போய்விடாது. கல்லீரலில் தங்கும், மாதக் கணக்கில். அதாவது கல்லீரல் ஒரு பாங்க். அப்படியானால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக டெபாசிட் போட்டுவிட்டால்? இரண்டு லட்சம் யூனிட், ஒரு சின்ன ஸ்பூனில் 2 மில்லி. 1970-ல் தேசியத் திட்டமாகவே கொண்டு வந்தார்கள். அங்கன்வாடியில் உங்கள் குழந்தைக்கு மஞ்சள் எண்ணெய் மாதிரி ஒன்றை வாயில் ஊற்றினார்களே, முகத்தைச் சுளித்ததே... அதுதான்.

இது ஃபிக்ஸட் டெபாசிட். மதுரைக்காரர்கள் ரெக்கரிங் டெபாசிட்டைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அதற்கு முன் ஒரு குண்டு விழுந்திருந்தது. ஆல்ஃபிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர், இந்தோனேசியாவில் வேலை செய்தவர், 1986-ல் ஒரு முடிவை வெளியிட்டார். வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தைச் சாவு 34 சதவீதம் குறைவு. கண்ணில்லை, சாவு! கண் டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று பெரிய பெரிய ஆட்கள் நம்ப மறுத்தார்கள். வேறு இடங்களிலும் செய்து பாருங்கள் என்றார்கள்.

செய்து பார்த்ததில் ஒன்று மதுரை அரவிந்த் குழுவின் ஆய்வு. டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமை. களம், திருச்சி மாவட்டக் கிராமங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயசு வரை 15,419 குழந்தைகள். ஒரு பாதிக்கு வாராவாரம் வீடு தேடிப் போய் 8,333 யூனிட் வைட்டமின் ஏ. மறு பாதிக்கு அது இல்லாத எண்ணெய். ஒரு வருஷம். கால்குலேட்டரை எடுத்து 8,333-ஐ 26 வாரத்தால் பெருக்கிப் பாருங்கள். இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட அதே தொகைதான், தவணையில். ஆனால் சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய சின்ன அளவு. கீரைத் தோட்டக்காரர்கள் கேட்க நினைத்த கேள்வியே அதுதான்.

வருஷ முடிவில் எண்ணினார்கள். வைட்டமின் பெறாத பக்கம் இறந்த குழந்தைகள் 80. பெற்ற பக்கம் 37. பாதிக்கும் மேலே, 54 சதவீதம் குறைவு. 1990 அக்டோபரில் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' இதைப் பிரசுரித்தது. மூன்று வயதுக்குக் கீழே, ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் அதிகம்.

எனக்கு இந்த இரண்டு எண்ணும் தூக்கத்தில்கூட மறக்காது. 80, 37. வித்தியாசம் 43. ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள். 1990-களில் ஏதோ ஒரு ஜூன் மாதம் திருச்சி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள். அதில் எந்த 43 பேர் என்று யாருக்கும் தெரியாது.

உடனே 'ஆஹா, மந்திர மருந்து' என்று கிளம்பிவிடாதீர்கள். அதே 1990-ல் ஹைதராபாத் பக்கம் நடந்த ஆய்வில் சாவில் வித்தியாசமே தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த மிகப் பெரிய ஆய்வு 2013-ல் வெளிவந்தபோது, குறைவு வெறும் 4 சதவீதம். அப்புறம் வாராவாரம் வீட்டுக்கு ஒருவர் வந்து குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவது என்பதே பாதி வைத்தியம் என்பது என் அபிப்பிராயம். அது இரு பக்கமும் சமமாகத்தான் நடந்தது, அதனால் இந்தக் கணக்கைக் கெடுக்காது. ஆனால் ஊருக்கு ஊர் பலன் ஏன் வேறுபட்டது என்று டாக்டர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கீரைக்காரர்களுக்கும் ஓர் அடி விழுந்தது. கீரையில் இருப்பது நேரடியாக வைட்டமின் ஏ இல்லை, அதன் மூலப்பொருளான கரோட்டின். உடம்புதான் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்நியச் செலாவணி மாதிரி. ஆறு பங்கு கொடுத்தால் ஒரு பங்கு கிடைக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1990-களின் ஆராய்ச்சிகளுக்குப் பிறகு, பன்னிரண்டு கொடுத்தால்தான் ஒன்று என்று 2001-ல் அமெரிக்க நிபுணர் குழு மாற்று விகிதத்தையே திருத்திவிட்டது. அதனால் கீரை வீண் என்று அர்த்தமில்லை. கூட ஒரு ஸ்பூன் எண்ணெய் வேண்டும், கொழுப்பு இல்லாமல் கரோட்டின் ஏறாது. வயிற்றில் பூச்சி இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் போதாது. முட்டை, பால், ஈரலில் இருப்பது உள்ளூர்க் கரன்சி, மாற்ற வேண்டிய தொல்லை இல்லை.

இப்போது எப்படி இருக்கிறது? கருவிழி உருகிய குழந்தை இன்று வெகு அபூர்வம். மணல்வாரி அம்மைக்குத் தடுப்பூசி வந்தது ஒரு பெரிய காரணம். ஆனால் 2016-18-ல் மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ரத்தத்தைச் சோதித்தபோது, வைட்டமின் ஏ குறைவு ஒன்றிலிருந்து நாலு வயசுப் பிள்ளைகளிடம் சுமார் 18 சதவீதம். ஐந்திலிருந்து ஒன்பது வயசில்? சுமார் 22. பள்ளிக்குப் போகிற வயசில் அதிகம்! ஸ்பூன் மருந்து ஐந்து வயசோடு நின்றுவிடுகிறது. அதாவது டெபாசிட் முடிந்த இடத்தில்தான் ஒன்றாம் வகுப்பு ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் தட்டுதான் பாங்க்.

அந்தத் தட்டின் கதை உங்களுக்குத் தெரியும், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். டாக்டர் வி பிறந்த ஊருக்குப் பக்கம், அவர் மதுரையில் பொறுப்பேற்ற அதே வருஷம். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. 1989-ல் கருணாநிதி காலத்தில் முட்டை. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, படிப்படியாக ஏறி 2010-ல் வாரம் ஐந்து. அன்றைக்கு அரசியல் மேடைகளில் முட்டையை வைத்து எத்தனை கிண்டல்! மேலே சொன்ன உள்ளூர்க் கரன்சி கணக்கைப் படித்தபின் நான் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது மதுரையிலேயே, ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். ஓர் அணா டிபனுக்கு 102 வயசு.

கண் பரிசோதனையும் பள்ளிக்குள் வந்துவிட்டது. 1862-ல் ஹாலந்துக்காரர் ஸ்னெல்லன் போட்ட எழுத்து அட்டைதான் இன்றும் ஆதாரம். இருபது அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது நடக்கிற காரியமில்லை என்று ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சலித்தெடுக்கும் முறையை அரவிந்த் பெரிய அளவில் செய்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடித் திட்டமும் உண்டு. எல்லாம் ஜூன், ஜூலைக்கு அப்புறம் என்றைக்கோ ஒரு நாள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து தெருவாசல் வரை இருபது அடி இருக்கும். தினசரிக் காலண்டரைத் தூக்கி மாட்டுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி, இன்னொரு கண்ணால். அப்புறம் மாற்றி. நீங்கள் படிக்கிற வரியைப் பிள்ளை படிக்கத் திணறினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பொழுது சாய்ந்தபின் தடுமாறினால் அன்றைக்கே போங்கள்.

கிட்டப்பார்வைக்குக் கீரை மருந்தில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வேறு வம்சம். வெளிச்சத்தில் விளையாடாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பதும் அதற்கு ஒரு காரணம். தைவானில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விரட்டி அதை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். நம் மதுரை வெயிலில் மே மாதம் விரட்டினால் சண்டைக்கு வருவீர்கள். சாயங்காலம் விரட்டுங்கள்.

கப்பலூருக்கு வருவோம். பஸ் பக்கத்தில் வந்து, நிற்காமல் போனது. நான் என் ஏழாம் வகுப்புக் கதையை அந்த அம்மாவிடம் சொன்னேன். பெஞ்சு, வேப்ப மரம், எல்லாம். பையன் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் முகம் மாறிவிட்டது.

'நான் இத்தனை நாளா அடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்' என்றார்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெயர்ப்பலகை. 'இதைப் படி தம்பி' என்றேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். முதல் இரண்டு எழுத்தை மட்டும் சொன்னான். அந்த அம்மாவும் அவனைப் போலவே ஒரு கண்ணை மூடிப் படித்துப் பார்த்தார். முழுதாகப் படித்தார்.

'பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணுமாண்ணே?'

'எங்கே வேணா போங்க. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள போங்க.'

விரல் விட்டு எண்ணினார். 'ஞாயித்துக்கிழமை டாக்டரு இருக்க மாட்டாக. மத்த நாள் லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பாக' என்றவர், பையனை ஒரு தடவை பார்த்தார். 'சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட வியாழக்கிழமை அரை நாள் கேட்டுப் பாக்குறேன்.'

அடுத்த பஸ் வந்தது. 'திருமங்கலம்மா' என்றான் பையன். பஸ் நின்ற பிறகு.